முதல் அதிகாரத்துக் காய்ச்சல்

சுவிசேஷங்கள் நான்கில் ஆகச் சின்னதை இதுவரை எத்தனை தடவை படிக்கத் தொடங்கியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு வருஷப் பிறப்புக்கும், இந்த வருஷமாவது முடித்துவிட வேண்டும் என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்காருவேன். மற்ற மூன்றையும் முடித்திருக்கிறேன். இது மட்டும் முதல் அதிகாரத்தின் நடுவிலேயே நின்றுவிடும். அங்கே ஒரு வீட்டில் ஒரு பெண் காய்ச்சலாகக் கிடக்கிறாள். அவளைத் தாண்டிப் போக என்னால் முடிவதில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் போய் உலை வைப்பேன்.

அந்த அதிகாரத்தைப் படித்தாலே எனக்குக் களைப்பு வரும். வேறு சுவிசேஷங்களில் பிள்ளைப்பேறு இருக்கிறது, பிள்ளையைத் துணியில் சுற்றிக் கிடத்த ஒரு தாய் இருக்கிறாள். இதில் தாயும் இல்லை, தொட்டிலும் இல்லை. வனாந்தரத்தில் ஒருவர் சத்தம் போடுகிறார். அடுத்த மூச்சில் ஆண்டவர் வளர்ந்த ஆளாக வந்து ஆற்றில் இறங்குகிறார். தலை ஈரம் காய்வதற்குள் அவரும் வனாந்தரத்துக்குப் போகிறார். திரும்பி வந்ததும் மீன் பிடிக்கிறவர்களைக் கூப்பிடுகிறார். அவர்கள் வலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பின்னால் போகிறார்கள். ஒரு தகப்பன் கூலியாட்களோடு படகில் உட்கார்ந்திருக்கிறார். அவர் பாடு என்ன ஆயிற்று என்று ஒரு வரி கிடையாது. எல்லாம் உடனே, உடனே. சிவகிரி பஸ் உள்ளே நுழையும்போதே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்களே, அந்த அவசரம். ஒருவராவது உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்ததாகத் தெரியவில்லை.

அந்த அவசரத்தின் நடுவில்தான் அவள் வருகிறாள். முதல் சீடனின் மாமியார். மருமகன் வீட்டில் காய்ச்சலாகப் படுத்திருக்கிறாள். ஆண்டவர் வந்து கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிறார், காய்ச்சல் போய்விடுகிறது, அவள் எழுந்து வந்தவர்களுக்கெல்லாம் பரிமாறுகிறாள். அவ்வளவுதான் அவள் கதை. இதைப் பல பேர் வாயால் பிரசங்கமாகக் கேட்டிருக்கிறேன். சுகம் கிடைத்த கையோடு ஊழியம் என்பார்கள். நன்றியுள்ள இருதயம் என்பார்கள். மாமியார்க்காரி மருமகன் வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று ஒருவரும் கேட்டதில்லை. அந்த ஊர் வழக்கம் எப்படியோ, நம் ஊரில் பிறந்து வளர்ந்த ஆண்களுக்குமா அது தோன்றாது என்று எனக்கு ஆத்திரமாக வரும். மருமகன் வீட்டில் இருக்கிற மாமியார், காய்ச்சல் விடாவிட்டாலும் எழுந்துதான் இருப்பாள். எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் ஒருத்தி இருந்தாள். என் அம்மா.

எழுபதுகளின் கடைசியில் அப்பா இறந்த பிறகு அவள் எங்களோடு இருக்க சங்கரன்கோவிலுக்கு வந்தாள். அப்பாவுக்குப் பனவடலிசத்திரத்தில் ஒரு சின்னப் பலசரக்குக் கடை இருந்தது. நான் ஒரே பிள்ளை. ஒரு மகன் இருந்திருந்தால் அவன் வீட்டில் அதிகாரமாக உட்கார்ந்து, மருமகள் வைக்கிற குழம்பைக் குறை சொல்லிக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பாள். பெண்ணை மட்டும் பெற்றவளுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. மகள் வீட்டுக்கு விருந்தாடியாக வரலாம், நாலு நாள் இருக்கலாம். அங்கேயே தங்கிவிட்டால் ஊர் ஒரு மாதிரி பார்க்கும். ஊர் பார்த்ததோ இல்லையோ, பார்ப்பதாக அம்மா நினைத்தாள். ஒரு தகரப் பெட்டியும் ஒரு கோரைப் பாயுமாக வந்து இறங்கியவள், வாசலில் என் வீட்டுக்காரர் நிற்பதைக் கண்டதும் சேலைத் தலைப்பைத் தோளோடு இழுத்து மூடிக்கொண்டு, சுற்றிக்கொண்டு போய்ப் புறவாசல் வழியாக அடுப்படிக்குள் நுழைந்தாள். அதற்கப்புறம் அவர் வீட்டில் இருக்கிற நேரம் அவள் முன்னறைக்கு வந்ததே இல்லை.

என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. விசைத்தறிக்கு வேண்டிய நாடா, பெல்ட், பாபின் எல்லாம் விற்கிற கடை வைத்திருந்தார். பகல் முழுக்கத் தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பேசிவிட்டு வருவதாலோ என்னவோ, வீட்டுக்குள் வாயைத் திறக்கவே யோசிப்பார். அம்மா மேல் அவருக்கு மரியாதை உண்டு. அதைக் காட்ட அவருக்குத் தெரிந்த ஒரே வழி அடுப்படிப் பக்கம் தலை காட்டாமல் இருப்பது. ஆக, ஒரே கூரைக்குள் இருந்துகொண்டு இரண்டு பேரும் ஒரு வார்த்தை நேராகப் பேசிக்கொண்டது கிடையாது. எல்லாம் என் வழியாகத்தான்.

"மாப்பிள்ளை சாப்பிட்டாவளாட்டி?" என்று கதவுக்குப் பின்னால் இருந்து கேட்பாள். மாப்பிள்ளை கதவுக்கு இந்தப் பக்கம் சாப்பிட்டுக்கொண்டுதான் இருப்பார்.

"மாமிய நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லு" என்பார் அவர், தட்டைப் பார்த்துக்கொண்டு.

நான் இங்கே வாங்கி அங்கே கொடுக்க வேண்டும், ஒருவர் சொன்னது மற்றவர் காதில் விழாதது போல. எனக்கு எரிச்சலாக வரும். இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, கடைக்குச் சாப்பாடு கட்டி, இதற்கு நடுவில் இந்தத் தபால் உத்தியோகம் வேறு. "நீங்களே பேசிக்கிட்டா என்ன, வாய் வெந்தா போயிரும்?" என்று இரண்டு பக்கமும் கேட்டுப் பார்த்தேன். இரண்டு பக்கமும் நான் ஏதோ தகாததைச் சொல்லிவிட்ட மாதிரி முழித்தார்கள்.

அம்மா படுத்து நான் பார்த்ததே இல்லை. நான் கண் விழிக்கும்போது அவள் பாய் சுருட்டி அரிசி டிரம்முக்குப் பின்னால் நிறுத்தியிருக்கும். பகலில் அது விரிந்ததே கிடையாது. மாவரைப்பாள், புளி ஆய்வாள், ஒன்றும் இல்லாவிட்டால் தேய்த்துக் கவிழ்த்த பாத்திரத்தையே எடுத்து மறுபடி தேய்ப்பாள். "செத்த நேரம் படேம்மா" என்றால், "படுத்தா மேலெல்லாம் வலிக்குட்டி" என்பாள். சும்மா இருந்து மகள் வீட்டுச் சோற்றைத் தின்கிறாள் என்ற பேச்சு வந்துவிடக் கூடாது. அது ஒன்றுதான் அவள் பயம். அந்தப் பேச்சைப் பேச எங்கள் வீட்டில் யாரும் இல்லை என்பது அவளுக்குப் பொருட்டாகவே இல்லை.

இனி வீட்டு ஜெபத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் சபையில் வாரத்துக்கு ஒரு சாயங்காலம், முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலும் ஜெபம் நடக்கும். உபதேசியார் வருவார். அவர் சபைக் குருவான ஐயருக்கு அடுத்தபடி. ஐயர் பிரசங்க பீடத்தில் நிற்பவர், உபதேசியார் சைக்கிளில் வீடு வீடாக வருகிறவர். ஒரு கீர்த்தனை, ஒரு ஜெபம், வேத வாசிப்பு, விளக்கம், கடைசியில் காப்பி. முறை வந்த வீட்டுப் பெண் வேத வாசிப்பின் முதல் நாலைந்து வசனம்தான் கேட்பாள். அப்புறம் பால் பொங்குகிறதா, டம்ளர் போதுமா, பக்கத்து வீட்டில் இரவல் கேட்க வேண்டுமா என்று எழுந்துவிடுவாள். விளக்கம் ஒரு நாளும் அவள் காதில் விழாது. சபையில் பாதிப் பெண்களுக்கு வேதத்தில் தொடக்கம் மட்டும் நன்றாகத் தெரியும் என்று நான் கேலியாகச் சொல்வதுண்டு. எங்கள் வீட்டு முறை வந்தால் அம்மாவுக்குத் தொடக்கமும் கிடையாது. அடுப்படித் திரைக்குப் பின்னால் நின்று கேட்பதுதான். டம்ளர் தட்டைத் திரை வரைக்கும் கொண்டு வருவாள். நான் வாங்கிக்கொண்டு போய்க் கொடுப்பேன்.

அப்படி ஒரு வருஷம் ஆடி மாதத்துக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் முறை வந்தது. முந்தின நாளே அம்மாவுக்குக் காய்ச்சல். மாவுச் சட்டியை நீட்டும்போது அவள் கை என் கையில் பட்டது, சுட்டது. "ஜெபத்த அடுத்த வாரம் வச்சுக்கிடலாம்" என்றேன். என் மேல் பாய்ந்தாள். "என்னால மாப்பிள்ளை வீட்டு ஜெபம் நின்னு போச்சுன்னு வரணுமா? மூச்சு விடாத. பிள்ளைய மேல ஆண, அவியகிட்ட சொல்லக் கூடாது." பிள்ளைகளை இழுத்துவிட்டால் நான் என்ன செய்ய முடியும்? கடையில் ஒரு காய்ச்சல் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். சாயங்காலம் ஆட்கள் வருகிற நேரத்துக்கு அதை விழுங்கினாள்.

உபதேசியார் அப்போது இந்தச் சின்னச் சுவிசேஷத்தைத் தொடக்கத்திலிருந்து எடுத்து, வாரம் கொஞ்சமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். வனாந்தரம் ஒரு வீட்டில் முடிந்திருந்தது, படகும் வலையும் இன்னொரு வீட்டில். எங்கள் வீட்டுக்குக் காய்ச்சல்காரி வந்து சேர்ந்தாள். யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை. வாசிக்கத் தொடங்கியதும் நான் திரையைப் பார்த்தேன். திரைக்குக் கீழே அம்மாவின் கால் தெரிந்தது. அது அசையவே இல்லை.

அன்று நான் எழுந்து போவதற்குள் திரை விலகியது. அம்மா தட்டோடு முன்னறைக்கு வந்தாள். மருமகன் உட்கார்ந்திருக்கிற அறைக்குள், அத்தனை பேர் மத்தியில். நெற்றியிலும் மேலுதட்டிலும் வேர்வை முத்து முத்தாக நின்றது. மாத்திரை வேலை செய்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. அவளுக்கு வேறு ஏதோ தெரிந்திருந்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டு, உபதேசியாரைப் பார்த்துச் சொன்னாள்.

"எனக்கும் நேத்தையிலிருந்து காச்சல்யா. நீங்க அந்த எடத்த வாசிச்சீய பாருங்க, அப்பமே விட்டுட்டு. தொட்டுப் பாருங்க, மேலு பச்சத் தண்ணியா இருக்கு."

ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று எல்லோரும் ஒரே குரலாகச் சொன்னார்கள். பெண்கள் எழுந்து வந்து அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள். உபதேசியார் கண் கலங்கிவிட்டார். பாவம், இத்தனை வருஷம் வாசித்ததில் இப்படி ஒன்று அவருக்கு நடந்ததே இல்லை போலிருக்கிறது. காய்ச்சல் விட்டது மட்டுமா, எழுந்து வந்து பணிவிடையும் செய்தாளே, எழுதியிருக்கிறபடியே! என் வீட்டுக்காரர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் காப்பியை அன்று அம்மாதான் கொடுத்தாள். வாங்கும்போது டம்ளரைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் உபதேசியார் அதைச் சாட்சியாகச் சொன்னார். நம் சபையில், நம் ஊரில், ஒரு தாயார் என்று பேர் சொல்லாமல்தான் சொன்னார். ஆனால் எல்லாத் தலையும் எங்கள் பெஞ்சுப் பக்கம் திரும்பியது. அம்மா குனிந்துகொண்டாள். ஆனால் அவள் முகத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அப்பா கல்லாவில் உட்கார்ந்திருக்க, அவள் உள்ளேயிருந்து அவருக்கு மோர் கொடுத்துவிட்ட காலத்தில்தான் கடைசியாக அந்த முகத்தைப் பார்த்திருந்தேன். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவள் இன்னார் மாமியார், இன்னார் அம்மா. அன்றுதான் அவளாக ஒரு ஆள் ஆனாள். சபைக் கோயில் வாசலில் செருப்பைப் போடும்போது பெண்கள் அவளுக்கு வழிவிட்டார்கள்.

காய்ச்சல் அந்த ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலமே திரும்பி வந்துவிட்டது.

வரும், பொழுது சாய்கிற நேரத்துக்கு. காலையில் கொஞ்சம் இறங்கும். மறுநாள் மறுபடியும் ஏறும். அம்மா யாரிடமும் சொல்லவில்லை, என்னிடமும். ஈரத் துண்டை இடுப்பில் செருகியிருப்பாள்; அடிக்கடி முகத்தைத் துடைப்பாள். சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டுப் பூனைக்குப் போட்டாள். நான் கையைப் பிடித்துப் பார்த்தேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம்மா."

"எதுக்கு?"

"இது எதுக்குன்னு கேக்குற காச்சலா?"

"சபை முன்னாடி விட்டுட்டுன்னு சொல்லியாச்சு. இனிப் போயி ஆஸ்பத்திரி வாசல்ல நின்னா நாலு பேரு என்ன சொல்லுவான்? என்னயச் சொன்னாப் பரவாயில்லட்டி. ஆண்டவரச் சொல்லுவான்லா."

எனக்கு வந்த கோபத்தில் வேதத்தை எடுத்து அவள் முன்னால் விரித்து வைத்தேன். "அந்தப் பொம்பளைக்குத் திரும்பக் காச்சல் வரலன்னு இதுல எங்கன எழுதியிருக்கு, காட்டு" என்றேன்.

"வந்துச்சுன்னும் எழுதலைல்லா" என்றாள் அம்மா.

அன்றைக்குத்தான் அந்த அதிகாரத்தை நான் முதன்முதலாகத் தனியாக உட்கார்ந்து, வரி வரியாக, சண்டைக்காரியைப் போல வாசித்தேன். காய்ச்சல் போனது, அவள் பரிமாறினாள். அதோடு அவளை விட்டுவிட்டு வெளியே போய்விடுகிறார்கள். பொழுது சாய்ந்ததும் ஊரில் இருக்கிற நோயாளிகளை எல்லாம் அந்த வீட்டு வாசலுக்கே கொண்டு வந்துவிடுகிறார்கள். அத்தனை பேருக்கும் தண்ணீர் மொண்டு கொடுத்தது யார்? கருக்கலில் ஆண்டவர் யாருக்கும் சொல்லாமல் எழுந்து ஆள் இல்லாத இடத்துக்கு ஜெபம் பண்ணப் போகிறார். அங்கேயும் தேடிக்கொண்டு போய் நிற்கிறார்கள், எல்லோரும் உம்மைத் தேடுகிறார்கள் என்று. அவர் மேல் எனக்குப் பரிதாபமாக இருந்தது. அவரையும் ஒரு நாழிகை சும்மா இருக்க விடவில்லையே என்று நினைத்தேன். வேதத்தை வாசித்துவிட்டு ஆண்டவரை நினைத்து இரக்கப்படலாமா என்று தெரியவில்லை. இரக்கப்பட்டேன்.

எங்கள் வாசலுக்கும் ஆள் வரத் தொடங்கியது. பிள்ளைக்கு மாந்தம், மருமகளுக்குத் தலைவலி. அந்தத் தாயார் ஒரு ஜெபம் பண்ணினால் நல்லது என்று வந்து நின்றார்கள். அம்மா புறவாசலில் உட்கார்ந்து, தன் கொதிக்கிற கையை அவர்கள் தலைமேல் வைத்து ஜெபம் செய்தாள். "கை எவ்வளவு சூடா இருக்கு பாருங்க, வல்லமை" என்று ஒருத்தி சொல்லிக்கொண்டே போனாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சுவரோடு சுவராகத் தறி போட்டிருந்த வீட்டு அக்கா ஒருத்திக்குத்தான் விஷயம் புரிந்தது. அவள் எங்கள் சபை இல்லை. அம்மாவின் கண்ணை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய், நோய்க்குப் பூசுகிற அம்மன் கோயில் புற்றுமண் கொஞ்சம் காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்து, "உங்க சாமி கோவிச்சுக்கிடாதுன்னா பூசிக்கிடுங்க" என்று கொடுத்தாள். அம்மா அதை வேண்டாம் என்று சொல்லவில்லை, பூசவும் இல்லை. ஜன்னல் விளிம்பில் பத்திரமாக வைத்தாள்.

ஆடித் தபசுத் திருவிழாவுக்கு ஊரில் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்த ஒரு நாள் மத்தியானம், நான் பிள்ளைகளுக்குச் சட்டைத் துணி எடுக்கப் போயிருந்தேன். தெருவில் மின்சாரம் போய்விட்டதால் தறிகள் நின்றுவிட்டன. கடையில் ஆள் இல்லாமல் என் வீட்டுக்காரர் நேரங்கெட்ட நேரத்தில் வீட்டுக்கு வந்திருக்கிறார். நான் துணிப்பையோடு உள்ளே நுழையும்போது அவர் செருப்பு வாசலில் கிடந்தது, ஆளைக் காணவில்லை. அடுப்படியில் அவர் குரல் கேட்டது. நான் கல்யாணம் ஆகி வந்து அதுவரை அடுப்படியில் அவர் குரலைக் கேட்டதில்லை.

அம்மா அரிசி டிரம்மில் சாய்ந்து வெறுந்தரையில் கிடந்தாள். அப்போதும் பாயை விரிக்கவில்லை. மருமகனைக் கண்டதும் எழப் பார்த்திருக்கிறாள், முடியவில்லை. ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறு கையால் சேலைத் தலைப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தாள்.

"எந்திக்காதீங்க மாமி" என்றார் அவர். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, சுவரைப் பார்த்தும் சொல்லவில்லை. "எந்திக்காதீங்க. நாந்தான்."

"சோறு... இப்பம் வச்சிருதேன்" என்றாள் அம்மா.

என்ன செய்வது, தொடலாமா கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை என்று முதுகிலேயே தெரிந்தது. அப்புறம் குனிந்து அவள் கையைப் பிடித்தார். பிடித்த வேகத்தில் திரும்பி என்னைப் பார்த்தார். நான் அங்கே நிற்பதே அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. "என்னட்டி இது, இப்படிக் கொதிக்கி?" என்று என் மேல் கத்தினார். நான் அழுதுவிட்டேன். இரண்டு பேருமாகத் தூக்கி உள்ளறைக்குக் கொண்டு போனோம். கையைப் பிடித்துத் தூக்குகிற இடம் அந்த அதிகாரத்தில் வருகிறதே, அங்கே தூக்கிவிட்டதும் அவள் பரிமாறப் போனாள். இங்கே ஒருவர் படுக்க வைக்கத் தூக்கினார்.

தபசுக் கூட்டத்தில் வாடகைக் கார் கிடைப்பதற்குள் போதும் போதும் என்று ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் டைபாய்டு என்றார். இத்தனை நாள் இதோடு எப்படி நடமாடினாள் என்று எங்கள் இரண்டு பேரையும் வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் குடல் ஓட்டையாகி ஆளே போயிருப்பாள் என்றார்.

கட்டிலில் கிடந்த நாட்களில் அம்மா பேசியது எல்லாம் ஒன்றே ஒன்றுதான். ஆண்டவர் பேரைக் கெடுத்துவிட்டேன். சபையில் என்ன சொல்லுவார்கள். இனி அந்த வாசலில் எப்படிக் கால் வைப்பேன். நான் கஞ்சியை ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். முதலில் சமாதானம் சொன்னேன், அப்புறம் ஏசினேன், கடைசியில் பேசாமல் இருந்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அலுத்துவிட்டது. அவள் பயத்தைக் கேட்டுக் கேட்டு, அவளை இப்படி ஆக்கியது அந்த நாலு வரியா, இந்த ஊரா, அவளேதானா என்று யோசித்து யோசித்து அலுத்துவிட்டது. அவர் சாயங்காலம் கடை அடைத்துவிட்டு வருவார். வாசலோடு நிற்பார். அவள் எழப் பார்ப்பாள். "படுங்க மாமி" என்பார். அந்த இரண்டு சொல்தான். ஆனால் இப்போது நடுவில் நான் தேவைப்படவில்லை.

வீட்டுக்குக் கூட்டி வந்தோம். இன்னும் நாள் கழியாமல் எழுந்து வேலை செய்யக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். செய்ய முடியாது என்பதால்தான் படுத்திருந்தாளே தவிர, படுப்பதற்கு மனசு வந்து படுக்கவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், பாயைச் சுருட்டப் பார்ப்பாள். இந்த லட்சணத்தில் வீட்டு ஜெபத்துக்கு எங்கள் முறை சுற்றி வந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "வரட்டும்" என்றார்.

வந்தார்கள். உபதேசியார் அந்தச் சுவிசேஷத்தில் எங்கேயோ தூரம் போய்விட்டிருந்தார். பாட்டு முடிந்ததும் சுற்றிப் பார்த்தார். "தாயார் எங்க? சாட்சி சொன்ன வீடுல்லா இது. ஒரு ஸ்தோத்திர ஜெபம் அவங்களே பண்ணட்டுமே" என்றார். அவருக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி விஷயம் வெளியே போகாமல் அம்மா என்னிடம் ஆணை வாங்கியிருந்தாள், பழையபடி பிள்ளைகள் மேல்தான். உள்ளறையில் பாய் சரசரக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. எழுந்திருக்கப் பார்க்கிறாள். எழுந்து வந்து, வேர்த்து விறுவிறுத்து நின்று ஜெபமும் பண்ணிவிடுவாள் என்று எனக்குத் தெரியும்.

"அவிய படுத்திருக்காவ" என்றார் என் வீட்டுக்காரர்.

சபைக்கூட்டத்தில் அவர் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. கொஞ்சம் சத்தமாகவே சொன்னார், கடையில் தறிக்காரர்களிடம் பேசுகிற சத்தம். "டைபாய்டு. ஆஸ்பத்திரியில சேத்துக் கூட்டியாந்திருக்கோம். எந்திக்கக் கூடாது."

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வயசான ஒருவர் மெதுவாக இழுத்தார். "அப்பம் அன்னைக்கி விட்டுட்டுன்னு சொன்னது..."

"அன்னைக்கி விட்டது நெசம் அண்ணாச்சி. பொறவு வந்ததும் நெசம்" என்றார் அவர். "ரெண்டையும் எங்க வீட்டுலதான் பாத்தோம்."

உள்ளறையில் பாய்ச் சத்தம் நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுத் தறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. உபதேசியார் புத்தகத்தை மடியில் வைத்தார். பிறகு, "அவங்க சுகமா இளைப்பாறட்டும். நம்ம ஜெபம் பண்ணுவோம்" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். நல்ல மனுஷர்தான். அவசரக்காரர், அந்த அதிகாரத்தைப் போல.

வேத வாசிப்பு தொடங்கியதும் பழக்கத்தில் நான் எழுந்தேன். "நீ இரி. காப்பி நான் போடுதேன்" என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் அடுப்படிக்குள் போனார். ஆண்கள் வாயைப் பிளந்தார்கள். பெண்கள் என்னைப் பார்த்தார்கள். நான் யாரையும் பார்க்கவில்லை. உள்ளே ஏதோ விழுந்து உருண்டது. ஸ்டவ்வை அவர் பம்ப் அடிக்கிற வேகத்தில் வெடித்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் எழுந்து போகவில்லை. எங்கள் வீட்டு முறையில் விளக்கத்தை முழுக்க உட்கார்ந்து கேட்டது அன்றைக்குத்தான். பெரிதாக ஒன்றும் இல்லை. இத்தனை வருஷம் இதைத்தான் தவறவிட்டேனா என்று இருந்தது.

காப்பி தண்ணீராக இருந்தது, சீனி அள்ளிக் கொட்டியிருந்தார். எல்லோரும் மறுபேச்சில்லாமல் குடித்துவிட்டுப் போனார்கள். ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு நான் உள்ளறைக்குப் போனேன். அம்மா அழுதுகொண்டிருப்பாள், இல்லையென்றால் என்னை ஏசுவாள் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். பாயில் சுவரோரமாக ஒருக்களித்துப் படுத்திருந்தாள். வாசல்பக்கம் ஆட்கள் செருப்பைத் தேடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் எழவில்லை.

"யாருட்டி போட்டது?" என்றாள், தெரிந்துகொண்டே.

"உன் மாப்பிள்ளை."

சுவரில் சாய்ந்து உட்கார்ந்து டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அவர் கையால் ஆன ஒன்றை அவள் வாயில் வைத்தது அதுதான் முதல் தடவை. ஒரு மடக்குக் குடித்தாள். "சீனி கூடிப்போச்சு" என்றாள். ஆனாலும் மெதுவாக, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள்.

குடித்து முடித்ததும் நான் பார்த்துக்கொண்டே நின்றேன். எழுந்து போய் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வருவாள் என்று இருந்தேன். அவள் டம்ளரை என்னிடம் நீட்டிவிட்டு, தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு மறுபடியும் படுத்துக்கொண்டாள்.